இடுப்பு நன்றாகத் திரும்புகிறது

என் அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பாவது அவள் கைபட்டுத்தான் வார்டுக்குப் போகும். அங்கே இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் ஒரு முனையை அக்காவும் மறுமுனையை அவள் கூட்டாளியும் பிடித்து அதற்குள் நேராக விட வேண்டும். கொஞ்சம் கோணினால் சுருட்டிக்கொள்ளும். கவனம் பிசகினால் கையைச் சுட்டுவிடும். அக்காவின் மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. என்னவென்று கேட்டால், "அது ஒரு திங்கக்கிழமை" என்பாள், அவ்வளவுதான். கூட்டாளிக்கு சைலன்ஸர் என்று பேர். வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து வைத்த பேர்.

அக்காவின் கணவர் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். காலாவதியான பஸ் பாஸைப் பற்றிப் பேசுவதுபோல்தான் அக்கா அவரைப் பற்றிப் பேசுவாள். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எதிரில் உட்காரவைத்து அளவெடுத்து, ஃப்ரேம் பொருத்தித் தருவேன். நாங்கள் இருவரும் நான்காவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். லிஃப்ட் உண்டு, ஓடாது.

நான்கு வருடம் முன்னால் அக்காவுக்குத் தோள்வலி வந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தலை வாரவே என்னைக் கூப்பிட்டாள். டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். என்ன பயிற்சி என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து என் ஃபோனில் தேடினோம். தோளுக்கான பயிற்சியைத் தேடப்போய், தோளைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு கராத்தே மாஸ்டரிடம் போய் மாட்டினோம். மாட்டினோம் என்றுதான் சொல்வேன். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். வெள்ளை உடை, இடுப்பில் நரைத்துப்போன கறுப்பு பெல்ட், பின்னால் பளபளவென்று மரத்தரை போட்ட கூடம். எட்டு மணி நேரப் பயணத்தூரத்தில் பள்ளி நடத்துகிறார். வர முடியாதவர்களுக்கு ஃபோன் வழியாகப் பாடம். பாடத்தைப் பார்த்துப் பழக வேண்டும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை தாங்கள் செய்வதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், அவர் பார்த்துத் திருத்துவார். அறிமுகப் பேச்சில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அக்கா மூன்று தடவை ஓட்டிக் கேட்டாள். "நீங்க எங்க இருந்தாலும் என் கண்ணு உங்க மேல இருக்கும். நீங்க அனுப்புற ஒவ்வொரு வீடியோவையும் நானே உக்காந்து பாப்பேன்."

"நெஜமாவே பாப்பாராடி?" என்று கேட்டாள்.

பார்க்காமலா இவ்வளவு பேர் சேருகிறார்கள் என்றேன். பெரிய சிபாரிசுக்காரி நான்.

அக்கா அந்த வாக்கியத்தில் ஏன் விழுந்தாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நன்றாக மடித்த விரிப்பை யாரும் பார்ப்பதில்லை. கறை இருந்தால்தான் பார்ப்பார்கள். பதினெட்டு வருடமாக அவள் வேலையைப் பற்றி மேலே இருந்து வந்த பேச்சு எல்லாமே கறையைப் பற்றியதுதான். இப்போது ஒருவர், தானே உட்கார்ந்து பார்ப்பேன் என்கிறார்.

காலை ஐந்தரைக்கு முன்னறையில் பயிற்சி. சோபாவைச் சுவரோடு தள்ளுவோம், இரண்டு நாற்காலியையும் பால்கனிக்குத் தூக்குவோம். ஒருமுறை அக்கா வேகமாகக் கால் பதித்ததில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் அவர் வீட்டு மேல்தளத்தை இடித்தார். அன்றிலிருந்து அக்கா விரிப்பு ஒன்றை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் நின்று பழகினாள். அவள் ஃபோன் பழைய பட்டன் ஃபோன் என்பதால் படம் பிடிப்பது, அனுப்புவது, வருகிற பதிலைப் படித்துக் காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. சமையலறை வாசலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். எதிர்ச்சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர் தொங்கும். ஒவ்வொரு எண்ணும் பிஸ்கட் அளவுக்கு இருக்கும். அது எல்லாப் படத்திலும் விழும்.

முதல் பாடம் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. மாஸ்டர் நம்மைப் பார்த்து நின்றுகொண்டு, தன்னைக் கண்ணாடியில் தெரிகிற நம் உருவம் என்று நினைத்து அப்படியே செய்யச் சொன்னார். அக்கா அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். அடுத்தடுத்த பாடங்களில் அவர் அதிகம் பேசுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார், செய்வார். அக்கா அவர் எதிரில் நின்று அச்சு அசலாகச் செய்வாள். கட்டா என்று ஒன்று சொல்லித் தந்தார். எதிராளி இல்லாமலேயே, இருப்பதாக நினைத்துத் திரும்பித் தடுத்து அடித்து உதைக்கிற இருபது முப்பது அடிகள், வரிசை மாறாமல். அக்கா அந்த வரிசையைப் பஸ்ஸில் உட்கார்ந்து விரல்களால் போட்டுப் பார்ப்பாள்.

பதில்கள் ஒழுங்காக வந்தன. முன் முட்டி இன்னும் மடங்கணும். மூச்சை அடக்காதீங்க. பார்வை நேரா இருக்கட்டும். போன தடவையைவிட முன்னேற்றம் தெரியுது. நான் படிக்கப் படிக்க அக்காவுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். முட்டி என்று வந்தால் பதினைந்து நாளும் முட்டிதான். விரிப்பை உருளைக்குள் விடும்போதுகூட முன் முட்டியை மடக்கித்தான் நிற்பாள் என்று சைலன்ஸர் என்னிடம் கோள் சொன்னாள்.

ஒவ்வொரு பெல்ட்டாகக் கூரியரில் வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. தோள்வலி எப்போது போனது என்று அவளுக்கே ஞாபகமில்லை. சலவைக்கூடத்தில் அவளுக்குப் பிளாக் பெல்ட் என்று பேர் வைத்துவிட்டார்கள், அவள் பச்சையில் இருந்தபோதே. சாப்பாட்டு இடைவேளையில் துணி உலர்த்துகிற முற்றத்தில் ஆறு பெண்களுக்கு முதல் கட்டாவைச் சொல்லிக்கொடுத்தாள். அதை மாடியிலிருந்து பார்த்த மேட்ரன் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கறுப்பு பெல்ட் வாங்கி வந்தால் வகுப்பு நடத்தக் கேன்டீன் மாடிக்கூடத்தை வாரம் இரண்டு மாலை தருகிறேன், நர்ஸுகளும் வருவார்கள், ஆனால் முறையான சான்றிதழ் வேண்டும் என்றார். இருபத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலை அக்கா சீருடைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். துவைக்கப் போட்டபோது மட்டும் வெளியே எடுத்தாள்.

இனி என் வண்டவாளத்தையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், பிடித்த படத்தைத் தெரியாத்தனமாக அழித்துவிட்டேன். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். மூன்று மாதம் முந்தைய படம் ஒன்று ஃபோனில் கிடந்தது. அதே கட்டா, அதே உடை. அதையே மறுபடி அனுப்பினேன். பதில் வந்தது: போன தடவையைவிட முன்னேற்றம் தெரியுது.

தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. ராத்திரி படுத்தபிறகு உறுத்தியது. மூன்று மாதம் பின்னால் போனவளிடம் என்ன முன்னேற்றத்தைக் கண்டார் இந்த மனுஷன்? அடுத்த முறை ஒரு காரியம் செய்தேன். அக்கா வேலைக்குப் போனபிறகு, வெறும் சுவரை இரண்டு நிமிடம் படம் பிடித்தேன். காலண்டர், அதற்குக் கீழே சோபாவின் முதுகு, வேறெதுவும் இல்லை. அதை அனுப்பினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: இடுப்பு நல்லா திரும்புது. இதே மாதிரி தொடருங்க.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்கா வரும்வரை காத்திருந்தேன். அவள் நான்கு மாடி ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பதில் வந்துவிட்டதா என்று கேட்டாள். முகத்தைப் பார்த்தேன். "இடுப்பு நல்லா திரும்புதாம்" என்றேன். அவள் வாசலிலேயே, கையில் பையோடு, இடுப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குமேல் எப்படிச் சொல்வது? அவள் சந்தோஷத்துக்காக மறைத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, சொன்னால் சுவரை அனுப்பிய கதையும், பழைய படத்தை அனுப்பிய கதையும் வெளியே வரும், என் மானம் போகும். அடுத்த இரண்டு வருடமும் நான் படம் பிடித்தேன், அனுப்பினேன், வந்த பதிலைக் குரல் மாற்றாமல் படித்துக் காட்டினேன்.

கறுப்பு பெல்ட் தேர்வுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். அக்கா மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். நானும் கூடவே போனேன். எட்டு மணி நேர பஸ் பயணத்தில் அவள் ஐந்து மணி நேரம் விரல்களாலேயே கட்டாக்களைப் போட்டாள். மாஸ்டர் தன்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வாரா என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பளபளத் தரை நேரில் பார்க்கக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. தேர்வுக்கு ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கே வந்து பழகியவர்கள், அக்காவின் பாதி வயதுக்காரர்கள். அக்கா வணக்கம் சொன்னபோது மாஸ்டர் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்துப் பேரைத் தெரிந்துகொண்டார். நான் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று வரிசையாக நின்றார்கள். அக்கா நடு வரிசையில் நடுவில். மாஸ்டர் முதல் கட்டாவின் பேரைச் சொல்லி, ஒன்று என்றார்.

எட்டுப் பேர் இடப்பக்கம் திரும்பினார்கள். என் அக்கா வலப்பக்கம் திரும்பினாள்.

பக்கத்துப் பெண்ணும் அவளும் நேருக்கு நேர் நின்றார்கள். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் நெற்றியோடு நெற்றி இடித்திருக்கும். அந்தப் பெண்தான் தவறிவிட்டாள் என்று நினைத்து அக்கா அவளைப் பார்த்துப் பரிவாகத் தலையசைத்தாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு என்றார். மறுபடி எதிரெதிர். அக்கா அப்போதுதான் சுற்றிப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

எனக்கு உட்கார்ந்த இடத்தில் எல்லாம் விளங்கியது. கண்ணாடி மாதிரி என்று அவர் சொன்னது அந்த முதல் உடற்பயிற்சிப் பாடத்துக்கு மட்டும். அதற்காக அவர் அன்றைக்குத் தன் கைகால்களை மாற்றிச் செய்து காட்டியிருக்கிறார். கட்டாவில் அவர் தன் இடப்பக்கம்தான் திரும்புகிறார். எதிரில் நிற்பவருக்கு அது வலப்பக்கம். இனிமேல் கண்ணாடி இல்லை என்று அவர் சொல்லவில்லை. அக்கா நான்கு வருடம், ஒவ்வொரு தடுப்பையும் உதையையும் பக்கம் மாற்றிப் பழகியிருக்கிறாள். எதிரில் உட்காருபவரின் வலது கண் என் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பது என் கடையில் முதல் நாள் பாடம். தினம் முப்பது பேருக்கு அளவெடுக்கிற எனக்கும் உறைக்கவில்லை. யாராவது ஒருவர் ஒரே ஒரு படத்தைப் பார்த்திருந்தால் முதல் மாதமே சரியாகியிருக்கும்.

மாஸ்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பொதுவான சிரிப்பு.

"இத யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நீங்கதான் மாஸ்டர்" என்றாள் அக்கா.

அவர் முகம் ஒரு கணம் கலைந்து, திரும்பச் சரியானது. ஃபோன் கேமரா இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்றிக் காட்டும், அதனால்தான் தனக்குத் தெரியவில்லை என்றார். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். யார் காதில் பூ சுற்றப் பார்க்கிறார்? ஃபோனில் ஒரு படத்தைத் திறந்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். பின்னால் காலண்டர் எண்கள் நேராக இருக்கின்றன, படம் மாறியிருந்தால் எண்களும் மாறியிருக்க வேண்டுமே என்று கேட்டேன். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

அவர் எண்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நானூறு பேர் அனுப்புகிறார்கள், ஆபீஸில் இருக்கிறவர்கள்தான் பதில் போடுகிறார்கள் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா பக்கம் திரும்பி, நான்கு வருட உழைப்பு வீண் போக வேண்டாம், பெல்ட்டைக் கொடுத்துவிடுகிறேன், வீட்டுக்குப் போய்ப் பக்கத்தை மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். மேசையில் பெல்ட் மடித்து வைத்திருந்தது. அதில் அக்காவின் பேரைத் தைத்தே வைத்திருந்தார்கள்.

அக்கா அந்தப் பேரைப் பார்த்தாள். சீருடைப் பையில் இருபத்து மூன்று பேர் இருப்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பாக்காமயே குடுக்கிறதுன்னா கூரியர்லயே அனுப்பியிருக்கலாமே மாஸ்டர்" என்றாள். குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்த ஆளுக்கு என்ன வணக்கம் என்று எனக்கு ஆத்திரம்.

திரும்பும் பஸ்ஸில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தேன். ஏமாற்றுக்காரன், தலையில் மிளகாய் அரைத்தவன், போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றெல்லாம். எவ்வளவு சத்தமாகத் திட்டினேனோ அவ்வளவு பயம் எனக்கு. ஒரு மணி நேரம் போனபிறகு அக்கா கையை நீட்டினாள்.

"ஃபோனக் குடு. நான் செஞ்சது எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அனுப்பிய படங்கள் பள்ளியின் இணையப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. ஒருமுறை அனுப்பினால் அழிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் கீழே பதில். அக்கா முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளை பெல்ட்டில் தடுமாறிக்கொண்டு, மஞ்சளில் கொஞ்சம் நிமிர்ந்து, பச்சையில் வேகமாக. ஒரு இடத்தில் விரல் நின்றது.

படத்தில் சுவர் மட்டும் இருந்தது.

அவள் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. இரண்டு நிமிடமும் முழுக்கப் பார்த்தாள். காலண்டர், சோபாவின் முதுகு. யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்கிற மாதிரி பார்த்தாள். முடிந்ததும் கீழே இருந்த பதிலை எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள்.

"இத நீ எனக்குப் படிச்சுக் காட்டினேல்ல?"

"ஆமாக்கா."

"அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பழைய படத்திலிருந்து. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அக்கா ஃபோனை அணைத்து, கையால் துடைத்து, என் மடியில் வைத்தாள்.

"அந்தாளு என்னைப் பாக்கவே இல்ல" என்றாள். "நீ பாத்துக்கிட்டே இருந்தே."

அதன்பிறகு வீடு வரும்வரை அவள் விரல்கள் அசையவில்லை.

விடுப்பு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போனாள். அன்று நடந்ததை சைலன்ஸர்தான் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையில் அந்த ஆறு பேரையும் முற்றத்தில் கூட்டி, நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பக்கம் மாறிப்போச்சு, தப்பு என்னுடையது, மன்னிச்சுக்கங்க என்று சொல்லியிருக்கிறாள். பிறகு மாடிக்குப் போய் மேட்ரனிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. இரண்டு வருடம் என்னால் முடியாததை ஒரு இடைவேளையில் முடித்துவிட்டாள்.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. காலையில் எனக்கும் சேர்த்துத்தான் டீ போடுகிறாள். சாவியை எங்கே வைத்தாய், மழை வரும்போலிருக்கிறது குடை எடுத்துக்கொள், எல்லாம் பேசுகிறாள். மாஸ்டரின் பள்ளியிலிருந்து, உங்கள் அடுத்த வீடியோவுக்காகக் காத்திருக்கிறோம் என்று இன்னும் எனக்குச் செய்தி வருகிறது.

பயிற்சியை அவள் விடவில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து, மடித்த விரிப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். நான் சமையலறை வாசலில், முன்பு படம் பிடித்த அதே இடத்தில், டீயை வைத்துக்கொண்டு நிற்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் கால் பதிகிற சத்தம் ஒன்று, இரண்டு என்று வரிசையாக வரும். எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று எனக்குத் தெரியாது.